பறவை வந்தாச்சு, சரி... குஞ்சு வந்துச்சா?

போன வருஷம் ஜூன் மாதம். உப்பளத் தொழிலாளர்கள் பற்றிய ஒரு வீடியோவுக்காக வேதாரண்யம் போயிருந்தோம். ஷூட் முடிந்து கோடியக்கரை சாலையில் ஒரு டீக்கடையில் நின்றபோது, "அண்ணே, பறவை பார்க்க எந்தப் பக்கம் போகணும்?" என்று கேட்டேன். கடைக்காரர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "இப்ப ஏது தம்பி பறவை? சீசன் முடிஞ்சு மாசக்கணக்காச்சு. கார்த்திகை, மார்கழியில வாங்க."

சரியென்று கிளம்பினோம். ஒரு கிலோமீட்டர்கூடப் போயிருக்க மாட்டோம். உப்பளத்துக்குத் தண்ணீர் போகும் வாய்க்கால் ஓரத்துச் சேற்றில் இருபது, முப்பது சின்னப் பறவைகள். மங்கிய சாம்பல் நிறம். லேசாகக் கீழ்நோக்கி வளைந்த கறுப்பு அலகு. சேற்றைக் குத்திக் குத்தி எதையோ எடுத்துத் தின்றுகொண்டிருந்தன. மொபைலில் எடுத்த மங்கலான படத்தை, பறவை பார்க்கும் நண்பர் ஒருவருக்கு அனுப்பினேன். அஞ்சு நிமிஷத்தில் பதில் வந்தது: "வளைமூக்கு உள்ளான். போன வருஷம் பொறந்த குஞ்சுங்களா இருக்கும். பெருசுங்க எல்லாம் ஊருக்குப் போயிருக்கும், இதுங்க போகல."

ஊர் என்றால்? சைபீரியா!

ஒவ்வொரு நவம்பரிலும் எங்கள் டெஸ்க்கில் 'வலசைப் பறவைகள் வருகை' என்று ஒரு போட்டோ கேலரி போடுவோம். புது வருஷம் பிறந்ததும் கணக்கெடுப்புச் செய்தி வரும். எத்தனை ஆயிரம் பறவைகள் வந்தன என்பதுதான் தலைப்பு. 'அதுல குஞ்சு எத்தனை?' என்று நாங்கள் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. ஆனால், முதலில் கேட்க வேண்டிய கேள்வியே அதுதான் என்று இப்போது தோன்றுகிறது. ஏன்? கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

ஒரு கோழிமுட்டை எடை, 7,000 கிலோமீட்டர் பயணம்

வளைமூக்கு உள்ளான் ஒரு கரையோரப் பறவை. எடை ஏறக்குறைய ஒரு கோழிமுட்டை அளவுதான். ஆர்க்டிக் சைபீரியாவில், குறிப்பாக தைமிர் தீபகற்பத்தின் தூந்திரா நிலத்தில் முட்டையிடும். குளிர்காலத்தை ஆப்பிரிக்கா, தெற்காசியா, ஆஸ்திரேலியாவின் கரைகளில் கழிக்கும். கோடியக்கரை, பழவேற்காடு, மன்னார் வளைகுடா எல்லாம் அதன் குளிர்கால முகவரிகள். கோடியக்கரையிலிருந்து தைமிருக்கு நேர்கோட்டில் அளந்தாலே 7,000 கிலோமீட்டருக்கு மேல் வரும்.

இவ்வளவு தூரம் போய் ஏன் முட்டையிட வேண்டும்? இங்கேயே இட்டால் என்ன? முக்கியமான காரணம் திருடர்கள். வட அமெரிக்காவில் தெற்கிலிருந்து வடக்காகப் பல இடங்களில் செயற்கைக் கூடுகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. 2010-ல் 'சயின்ஸ்' இதழில் வெளியானது. வடக்கே ஒவ்வொரு டிகிரி போகப் போக, கூடு சூறையாடப்படும் ஆபத்து 3.6 சதவீதம் குறைகிறது என்று அதில் தெரிந்தது. தூரம் போவதற்கான கூலி, பாதுகாப்பான கூடு.

இன்னொரு காரணம் சாப்பாடு. ஆர்க்டிக் கோடையில் சூரியன் மறைவதே இல்லை. பனி உருகியதும் கொசு, ஈ, சிலந்தி என்று சில வாரங்களுக்குப் பூச்சிகள் பெருகும். குஞ்சுகளுக்கு அதுதான் விருந்து. பிரச்னை என்னவென்றால், விருந்து சில வாரங்கள்தான். பந்தி முடிந்த பிறகு போனால் வெறும் இலைதான்.

டைம்டேபிள் எவ்வளவு டைட் தெரியுமா?

ஜூன் முதல் பாதியில் பறவைகள் தைமிர் போய்ச் சேரும். அப்போதும் தரையில் பாதி பனிதான். ஜோடி சேர்ந்து, தரையிலேயே ஒரு சின்னக் குழியில் நான்கு முட்டைகள். அந்த நான்கின் மொத்த எடை தாயின் எடையையே நெருங்கும். முட்டைக்கான சத்தை இங்கிருந்து கொழுப்பாகச் சேர்த்துக் கொண்டுபோவதில்லை. பெரும்பாலும் அங்கே போய்ச் சாப்பிட்டுத்தான் முட்டையே உருவாகிறது. அதனால் போன உடனே சாப்பாடு கிடைத்தாக வேண்டும்.

அடைகாக்க ஏறக்குறைய 20 நாள். குஞ்சு பொரிந்து, பறக்கும் நிலைக்கு வர இன்னும் இரண்டு வாரத்துக்கு மேல். ஆண் பறவை இந்த வேலை எதிலும் இருக்காது. ஜோடி சேர்ந்த வேலை முடிந்ததும் ஜூலைத் தொடக்கத்திலேயே தெற்கே கிளம்பிவிடும். மிச்சம் எல்லாம் அம்மா பொறுப்பு.

இந்தக் குஞ்சுகளுக்கு யாரும் ஊட்டிவிடுவதில்லை. பொரிந்த சில மணி நேரத்தில் எழுந்து நடந்து, தாங்களே பூச்சி பிடிக்கும். ஆனால், முதல் சில நாள்களுக்கு உடம்புச் சூட்டைத் தக்கவைக்கத் தெரியாது. குளிரினால் ஓடிவந்து தாயின் இறகுக்குள் புகுந்துகொள்ளும். குளிர் அதிகமான நாளில் இறகுக்குள் இருக்கும் நேரம் கூடும், சாப்பிடும் நேரம் குறையும். அதே நாளில் பூச்சிகளும் வெளியே வராது. ஒரு வாரம் மழையும் குளிர்காற்றும் நீடித்தால் கதை முடிந்தது.

கூடு ஒருமுறை போய்விட்டால்? நம்ம ஊர் காகம், மைனா மாதிரி 'சரி, இன்னொருமுறை முயற்சி பண்ணலாம்' என்பதற்கு அங்கே பெரும்பாலும் நேரம் கிடையாது. அந்த வருஷம் அவ்வளவுதான்.

பனி சீக்கிரம் உருகினால் நல்லதுதானே?

பூமி சூடாகிறது, ஆர்க்டிக்கில் கோடை நீள்கிறது, குஞ்சுகளுக்கு வசதிதானே என்று கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரு பக்கம் அது உண்மையும்கூட. வெயில் கூடினால் குஞ்சு வேகமாக வளரும். ஆனால் விருந்து வைக்கும் தேதி மாறுகிறது. தைமிரில் பூச்சிகள் உச்சத்தைத் தொடும் தேதி 1973-லிருந்து 2003-க்குள் ஏழு நாள் முன்னால் வந்துவிட்டதாக டச்சு ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். இங்கே சேற்றில் மேய்ந்துகொண்டிருக்கும் பறவைக்கு அங்கே பனி எப்போது உருகியது என்று எப்படித் தெரியும்? வாட்ஸ்அப்பா வரும்?

இந்தத் தேதிக் குழப்பம் என்ன செய்யும் என்பதற்கு 'ரெட் நாட்' என்ற பறவை நல்ல உதாரணம். வளைமூக்கு உள்ளானுக்கு உறவுதான். அதுவும் தைமிரில்தான் முட்டையிடுகிறது. குளிர்காலத்துக்கு மேற்கு ஆப்பிரிக்காவில் மொரிட்டானியா நாட்டின் கரைக்குப் போகும். யான் வான் கில்ஸ் தலைமையிலான குழு 2016-ல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வின்படி, 33 வருஷங்களில் தைமிரில் பனி உருகும் நாள் ஆண்டுக்கு அரை நாள் என்ற வேகத்தில் முன்னால் வந்திருக்கிறது. பனி சீக்கிரம் உருகிய வருஷங்களில் பிறந்த குஞ்சுகள் சின்ன உடம்போடும் குட்டையான அலகோடும் வளர்ந்தன.

அலகு குட்டையானால் என்ன? மொரிட்டானியாவில் அவற்றின் முக்கிய உணவு, சேற்றுக்குள் ஆழத்தில் இருக்கும் ஒரு வகைச் சிப்பி. குட்டை அலகு அதுவரை எட்டாது. அந்தப் பறவைகள் கடற்புல்லின் வேர்த்தண்டைத் தின்று காலம் தள்ளின. நீள அலகுப் பறவைகளைவிட அதிகமாகச் செத்தன.

இதை இரண்டு முறை படித்துப் பாருங்கள். தப்பு நடந்த இடம் சைபீரியா. சாவு நடந்த இடம் ஆப்பிரிக்கா. மொரிட்டானியாவில் மட்டும் நின்று பார்த்தவர்களுக்கு, இங்கே என்ன கோளாறு என்றுதான் தோன்றியிருக்கும்.

பனி சீக்கிரம் உருகுவது மட்டும்தான் சிக்கல் என்றும் சொல்ல முடியாது. வடகிழக்கு கிரீன்லாந்தில் சாக்கன்பர்க் என்ற ஆய்வு மையம் இருக்கிறது. 2018-ல் அங்கே வழக்கத்தைவிடப் பனி மிக அதிகமாகக் கொட்டி, கோடை வந்த பிறகும் விலகவில்லை. செடி, பூச்சி, பறவை, நரி என்று அந்த வட்டாரத்தில் அநேகமாக எதுவுமே அந்த வருஷம் இனப்பெருக்கம் செய்யவில்லை. சூடாகும் உலகத்தில் ஈரம் கூடும். ஈரம் கூடினால் சில வருஷம் பனியும் கூடும். ஆக, பறவைக்கு எதிரே நிற்பது 'சீக்கிரம் வரும் கோடை' என்ற ஒரே பரீட்சை இல்லை. எந்த வருஷம் எந்தக் கேள்வித்தாள் வரும் என்றே தெரியாத பரீட்சை.

நடுவில் ஓர் எலி

தேதி சரியாக அமைந்தாலும் கூடு தப்பும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அது ஒரு குட்டி எலியின் கையில் இருக்கிறது.

தூந்திராவில் லெம்மிங் என்று ஓர் எலி வகை உண்டு. மூன்று நான்கு வருஷத்துக்கு ஒருமுறை ஏகப்பட்டதாகப் பெருகும், பிறகு சடாரெனச் சரியும். பெருகும் வருஷத்தில் ஆர்க்டிக் நரிக்கும் ஸ்கூவா என்ற கடற்பறவைக்கும் எலியே போதும். உள்ளான் முட்டையை அவை தேடிப் போவதில்லை. எலி சரிந்த வருஷம்? நரிகள் நிறைய, எலி இல்லை. நேரே கூடுதான்.

இதைக் கண்டுபிடித்த விதம் சுவாரசியமானது. தென்னாப்பிரிக்காவில் லாங்கபான் என்ற காயலில் வளைமூக்கு உள்ளான்களை எண்ணியவர்கள், சில வருஷம் குஞ்சுகள் நிறைய வருவதையும் சில வருஷம் கிட்டத்தட்ட வராமல் போவதையும் கவனித்தார்கள். அந்த ஏற்ற இறக்கம் சைபீரியாவின் எலிக் கணக்கோடு பொருந்திப்போனது. உலகத்தின் தென்கோடியில் சேற்றைப் பார்த்துக்கொண்டே வடகோடியில் எலி பெருகியதா, செத்ததா என்று சொல்லிவிடலாம்!

இப்போது அந்த எலிச் சுழற்சியே சில இடங்களில் தடுமாறுகிறது. நார்வேயிலும் கிழக்கு கிரீன்லாந்திலும் இது பதிவாகியிருக்கிறது. பனிக்கு அடியில் கூடு கட்டிக் குளிர்காலத்தைக் கழிக்கும் எலி அது. நடுவில் பனி உருகி மறுபடி உறைந்தால் அதன் வீடும் சாப்பாடும் போய்விடும்.

ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். 2018-ல் 'சயின்ஸ்' இதழில் 38,000-க்கும் மேற்பட்ட கூடுகளின் தகவலை வைத்து ஒரு பெரிய ஆய்வு வந்தது. ஆர்க்டிக்கில் கூடு சூறையாடப்படுவது பல மடங்கு கூடிவிட்டது, அங்கே இருந்த பாதுகாப்பே போய்விட்டது என்றது. உலகம் முழுக்கச் செய்தியானது. அடுத்த வருஷமே அதே இதழில் வேறு ஆய்வாளர்கள் மறுப்பு எழுதினார்கள். பழைய காலத்துக்கும் புதிய காலத்துக்கும் கூடுகளைக் கண்காணித்த முறையே வேறு, அதனால் ஒப்பிட்டது சரியில்லை என்றார்கள். அந்த விவாதம் முடியவில்லை. அதனால் 'ஆர்க்டிக் இனி மரணப்பொறி' என்று தம்ப்நெயில் வைக்க நான் தயாராக இல்லை. ஆனால் இந்தச் சண்டை ஒன்றைத் தெளிவாகக் காட்டுகிறது. வருஷாவருஷம் ஒரே மாதிரி எண்ணி வைக்காவிட்டால், பின்னால் எதையும் நிரூபிக்க முடியாது.

டைம்டேபிளை மாற்றுவது யார்?

இதுவரை படித்தவர்களுக்கு ஒரு கேள்வி வந்திருக்கும். பறவைகள் அவ்வளவு முட்டாளா? கொஞ்சம் முன்னாடியே கிளம்பினால் போதுமே?

இதற்கான பதில் ஐஸ்லாந்திலிருந்து வருகிறது. என்னை இந்தக் கட்டுரை எழுத வைத்ததும் அதுதான்.

கருவால் மூக்கன் என்ற பறவை நம்ம ஊருக்கும் வரும். அதன் ஒரு பிரிவு ஐஸ்லாந்தில் முட்டையிட்டு, பிரிட்டன், அயர்லாந்து, போர்ச்சுகல் பக்கம் குளிர்காலத்தைக் கழிக்கிறது. சுமார் இருபது வருஷத்தில் அவை ஐஸ்லாந்து வந்து சேரும் நாள் இரண்டு வாரம் முன்னால் வந்துவிட்டது. சபாஷ், பறவைகள் பழகிக்கொண்டன என்று எல்லோரும் நினைத்தார்கள்.

பிரிட்டனின் ஜெனிஃபர் கில்லும் ஐஸ்லாந்து ஆய்வாளர்களும், காலில் வண்ண வளையம் போட்ட தனித்தனிப் பறவைகளை வருஷக்கணக்கில் பின்தொடர்ந்து 2014-ல் முடிவை வெளியிட்டார்கள். ஆச்சரியம் என்னவென்றால், எந்தப் பறவையும் தன் தேதியை மாற்றிக்கொள்ளவே இல்லை! மே மாதம் வரும் பறவை ஒவ்வொரு வருஷமும் மே மாதம்தான் வந்தது. ஏப்ரலில் வருவது ஏப்ரலில்தான்.

அப்படியென்றால் மொத்தக் கூட்டமும் எப்படி முன்னால் வந்தது? புதுசாகச் சேர்ந்த இளசுகளால். 1990களின் பிற்பகுதியில் பிறந்தவை மே மாதம் வந்தன. பிறகு பிறந்தவை ஏப்ரலில் வர ஆரம்பித்தன. வெயில் சீக்கிரம் வந்த வருஷங்களில் கூடும் சீக்கிரம் அமைந்தது. சீக்கிரம் பிறந்த குஞ்சுக்கு வளர, இடம் தேட, உடம்பு தேற நேரம் கிடைத்தது. அது பெரிதானதும் சீக்கிரம் திரும்பியது. அதன் பிறகு ஆயுசு முழுக்க அதே தேதிதான்.

நம் மொழியில் சொன்னால், பழைய போனுக்கு அப்டேட் வராது. புது போன்தான் புது வெர்ஷனோடு வரும்.

ஐஸ்லாந்தில் நடந்தது அப்படியே தைமிரிலும் நடக்கும் என்று நான் சொல்லவில்லை. ஐஸ்லாந்துப் பறவை பயணம் செய்வது பக்கத்து ஊருக்கு. வளைமூக்கு உள்ளான் கடப்பது பாதி உலகம். ஆனால், இது நம் பார்வையைத் திருப்பிப் போடுகிறது. கூடு தோற்றுப்போனால் நான்கு உயிர் போச்சு என்பதோடு கணக்கு முடிவதில்லை. அந்த இனம் புதுத் தேதியைக் கற்றுக்கொள்ளும் வழியும் சேர்ந்து அடைபடுகிறது. வயதான பறவைகள் பத்து வருஷம், அதற்கு மேலும் உயிரோடு இருந்து, வருஷம் தவறாமல் வந்துகொண்டிருக்கலாம். நாமும் 'பறவை வந்தாச்சு' என்று கேலரி போட்டுக்கொண்டிருக்கலாம். பின்னால் ஆளே இல்லை என்பது கடைசியில்தான் தெரியும். ஸ்கூலில் டீச்சர்கள் எல்லாம் வந்திருக்கிறார்கள், ஒன்றாம் வகுப்பில் மட்டும் சேர ஆளில்லை என்கிற மாதிரி.

மனிதர்கள் தேதியை மாற்றிய கதை

இதே கருவால் மூக்கனின் இன்னொரு பிரிவு நெதர்லாந்தின் புல்வெளிகளில் முட்டையிடுகிறது. டச்சுக்காரர்களுக்கு அது செல்லப் பறவை. 2015-ல் தேசியப் பறவையாகவே தேர்ந்தெடுத்தார்கள். 1960களில் அங்கே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜோடிகள் இருந்தன. இன்றைக்கு அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

காரணங்களில் பெரியது, புல் அறுப்பு. வெப்பம் கூடக் கூட, உரம் கூடக் கூட, மாட்டுத் தீவனப் புல்லை விவசாயிகள் முன்னதாகவே அறுக்கத் தொடங்கினார்கள். பறவை தன் முட்டையிடும் தேதியை அந்த வேகத்தில் மாற்றவில்லை. முட்டையும் குஞ்சும் மெஷினில் மாட்டின.

அங்கே என்ன செய்தார்கள்? புல் அறுப்பைத் தள்ளிப்போடும் விவசாயிகளுக்கு அரசு பணம் கொடுத்தது. கூடுகளைத் தேடிக் குச்சி நட்டு அடையாளம் வைக்கத் தன்னார்வலர்கள் வயலில் இறங்கினார்கள். முழு வெற்றி என்று சொல்ல முடியாது, சரிவு நிற்கவில்லை. ஆனால் பறவைக்காக மனிதன் தன் காலண்டரைத் தள்ளி வைக்கலாம் என்பதை ஒரு நாடு கொள்கையாக ஏற்றது. விவசாயியின் நஷ்டத்தை அவர் தலையிலேயே கட்டவும் இல்லை.

சரி, இதுல நமக்கென்ன?

சைபீரியாவில் பனி எப்போது உருக வேண்டும் என்று நாம் முடிவு செய்ய முடியாது. லெம்மிங்குக்கு லெட்டர் போட முடியாது. அப்புறம் நாம் என்ன செய்ய?

அந்த ஜூன் மாத வாய்க்காலுக்குத் திரும்பி வருவோம். வளைமூக்கு உள்ளான் குஞ்சு ஜூலையில் பிறக்கிறது. அம்மா முன்னால் கிளம்பிவிடும். ஒன்றரை மாதக் குஞ்சு, வழி காட்டப் பெற்றோர் இல்லாமல், ஆகஸ்ட் வாக்கில் தெற்கே பறக்கத் தொடங்கும். முதிர்ந்த பறவைகள் நம் கரைக்கு ஆகஸ்டிலேயே வந்துவிடும். இளசுகள் செப்டம்பர், அக்டோபரில் வரும். அடுத்த கோடையில் பெரியவை வடக்கே போகும்போது, இளசுகளில் பல போகாது. முட்டையிடும் வயது வரவில்லை; அவ்வளவு தூரம் பறந்து உடம்பைக் கெடுத்துக்கொள்வானேன்? இங்கேயே தங்கிவிடும். அதற்கும் அடுத்த ஏப்ரல், மே மாதத்தில்தான் முதன்முதலாக ஊர் திரும்பும்.

கூட்டிக் கழித்தால், அந்தக் குஞ்சின் முதல் ஒன்றரை மாதம் சைபீரியாவுக்குச் சொந்தம். அடுத்த ஒன்றரை வருஷம் இந்தியா, இலங்கை மாதிரியான கரைகளுக்குச் சொந்தம். ஒரு கூடு ஜெயித்ததா என்பது முட்டை பொரிந்த அன்று முடிவாவதில்லை. அந்தக் குஞ்சு வளர்ந்து, ஊர் திரும்பி, தானும் ஒரு கூடு வைக்கும் அன்றுதான் முடிவாகிறது. அந்தப் பயணத்தின் நீளமான பகுதி நம்ம சேற்றில் கழிகிறது. கூடு அங்கே இருக்கிறது. தொட்டில் இங்கே இருக்கிறது.

ஊர் திரும்பும்போதும் அதே கதைதான். பறவை கிளம்பும் முன் உடம்பில் கொழுப்பு ஏற்ற வேண்டும். போதுமான எரிபொருள் இல்லையென்றால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் டெலவேர் விரிகுடா சாட்சி. ரெட் நாட்டின் அமெரிக்கப் பிரிவு, ஆர்க்டிக் போகும் வழியில் மே மாதம் அங்கே இறங்கி, குதிரைலாட நண்டின் முட்டைகளைத் தின்னும். சுமார் 180 கிராம் எடையைத் தொட்டால்தான் அடுத்த கட்டம் பத்திரம். 1990களில் மீன்பிடி இரைக்காக அந்த நண்டுகளை அள்ளித் தீர்த்தார்கள். பறவைகள் எடை ஏறாமலே கிளம்பின. பல திரும்பவில்லை. கூட்டம் சரிந்து, கடைசியில் அமெரிக்க அரசு அதை அழியும் ஆபத்தில் உள்ள பறவைகளின் சட்டப் பட்டியலில் சேர்க்க வேண்டியதாயிற்று.

2024 அக்டோபரில் ஐ.யூ.சி.என் தன் சிவப்புப் பட்டியலைப் புதுப்பித்தபோது, 16 கரையோரப் பறவை இனங்களை அதிக ஆபத்துப் பிரிவுக்கு மாற்றினார்கள். வளைமூக்கு உள்ளான் 'அழிய வாய்ப்புள்ள இனம்' என்ற பிரிவுக்குப் போய்விட்டது. நம் கரைகளுக்கு வரும் கிரே ப்ளோவரும் அதே பட்டியலில். கோடியக்கரையில் பல பத்தாண்டுகளாகப் பறவைகளுக்குக் கால் வளையம் போட்டுவரும் பி.என்.எச்.எஸ் ஆய்வாளர்கள், வளைமூக்கு உள்ளான், கொசு உள்ளான் போன்ற குட்டிப் பறவைகள் அங்கே குறைந்துவருவதைத் திரும்பத் திரும்பச் சொல்லி வந்திருக்கிறார்கள். கோடியக்கரை 2002-லேயே ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட இடம். போர்டு இருக்கிறது. பறவை குறைகிறது.

என்ன செய்யலாம்?

முதல் விஷயம், வயதை எண்ணுவோம். நம் கணக்கெடுப்பு ஜனவரியை ஒட்டி நடக்கிறது. அதில் கிடைப்பது மொத்த எண்ணிக்கை மட்டும். ஆனால், செப்டம்பர், அக்டோபரில் இளம் உள்ளானைப் பார்த்தாலே தெரியும். முதுகு இறகுகளில் வெளிர் விளிம்பு ஓடி, மீன் செதில் மாதிரி இருக்கும். அந்த நேரத்தில் ஒரு கூட்டத்தைத் தெளிவாகப் படம் எடுத்தால், நூற்றுக்கு எத்தனை இளசு என்று எண்ணிவிடலாம். ஆஸ்திரேலியாவில் மறைந்த கிளைவ் மின்டன் தொடங்கிய குழு, 1970களின் இறுதியிலிருந்து வலையில் சிக்கும் பறவைகளில் இளசு எத்தனை சதவீதம் என்று வருஷாவருஷம் பதிவு செய்கிறது. அதை வைத்துத்தான் ஆர்க்டிக்கில் அந்த வருஷம் மகசூல் எப்படி என்று அங்கே சொல்கிறார்கள். இவ்வளவு கேமராவும் பறவை ஆர்வலர்களும் இருக்கும் தமிழ்நாட்டில் இது முடியாதா? இ-பேர்டில் பதிவு போடுபவர்கள் எண்ணிக்கையோடு வயதையும் ஒரு வரி சேர்த்தால்கூடப் போதும். அரசுக் கணக்கெடுப்பிலும் இந்த ஒரு சுற்றைச் சேர்க்க வேண்டும்.

இரண்டாவது, 'சீசன்' என்ற சொல்லைக் கொஞ்சம் ஓரம் கட்டுவோம். சுற்றுலாவுக்குத்தான் சீசன் முடிகிறது. பறவைக்கு முடிவதில்லை. தூர்வாருவது, கரை எழுப்புவது, சாலை போடுவது எல்லாம் 'இப்பதான் பறவை இல்லையே' என்று கோடையில் நடக்கிறது. ஏப்ரலில் கிளம்பக் கொழுப்பு ஏற்றும் பறவையும், ஜூனில் தங்கிப்போன இளசும் அந்தச் சேற்றில்தான் இருக்கின்றன.

மூன்றாவது, ரொம்ப எளிமையானது: துரத்தாதீர்கள். ரீல்ஸுக்காகக் கூட்டத்தை எழுப்பிப் பறக்கவிட்டு எடுக்கும் அந்த ஸ்லோமோஷன் ஷாட் அழகுதான். எங்கள் தளத்திலேயே அப்படிப்பட்டவை ஓடியிருக்கின்றன, நன்றாகவும் ஓடியிருக்கின்றன. ஏப்ரலில் ஒரு பறவையை நாளைக்குப் பத்து முறை எழுப்பிவிட்டால், அது ஏற்ற வேண்டிய கொழுப்பை நம் வீடியோவுக்காக எரிக்கிறது. இனி அந்த மாதிரி காட்சிகளை நாங்கள் கேள்வி கேட்டுவிட்டுத்தான் போட வேண்டும். இதை எனக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

நாலாவது, சேறு என்றால் சும்மா கிடக்கும் நிலம் என்கிற எண்ணம். திட்ட அறிக்கைகளில் காயல் ஓரச் சேற்றுநிலம் பெரும்பாலும் வெற்று நிலம்தான். ஓதம் வந்து போகும் அந்த இரண்டு விரல் ஆழச் சேற்றில்தான் புழுவும் பூச்சியும் இருக்கின்றன. அதன் ஆழம் நாலு விரல் கூடினால் உள்ளானுக்குக் கால் எட்டாது. முழுக்கக் காய்ந்தால் அலகு இறங்காது. எல்லை வேலி போடுவதைவிட, எந்த மாதத்தில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று பார்ப்பதுதான் இங்கே நிஜமான பாதுகாப்பு. அதில் உப்பளத்துக்காரரும் மீனவரும் உட்கார்ந்து பேச இடம் இருக்க வேண்டும். அவர்களுக்கு நஷ்டம் வந்தால் டச்சு விவசாயிக்குக் கொடுத்த மாதிரி கொடுக்கவும் வேண்டும். பறவைக்காக ஏழையின் வயிற்றில் கை வைப்பதை நான் ஆதரிக்கவில்லை.

'மனுஷனுக்கே ஆயிரம் பிரச்னை, இதுல சைபீரியா குருவிக்கா?' என்று கமென்ட்டில் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். என் பதில்: அந்தச் சேற்றில் பறவைக்குச் சாப்பாடு இருக்கிறது என்றால், இறாலுக்கும் நண்டுக்கும் மீன் குஞ்சுக்கும் இருக்கிறது என்று அர்த்தம். அது போனால் முதலில் தெரியப்போவது பறவைக்கு. அடுத்து, வலை வீசும் வீட்டுக்கு.

இந்த நவம்பரிலும் கேலரி போடுவோம். அதில் ஒரு மாற்றத்துக்கு எடிட்டரிடம் கேட்டிருக்கிறேன். எத்தனை பறவை வந்தது என்ற வரிக்குக் கீழே இன்னொரு வரி: 'இதில் இந்த வருஷம் பிறந்தவை எத்தனை?' பதில் தெரியாவிட்டால், தெரியாது என்றே போடுவோம். அந்தக் காலி இடம் யாரையாவது எண்ண வைக்கட்டும்.

அந்த டீக்கடை அண்ணனைப் பார்க்க அடுத்த ஜூனில் மறுபடி போக வேண்டும். இந்த முறை, ஒரு டீ சொல்லிவிட்டு, நானே அவரை அந்த வாய்க்கால் வரைக்கும் கூட்டிப்போவதாக இருக்கிறேன்.